பதினைந்தாவது குழி வரை: தம்மாமிலிருந்து பஹ்ரைன் மணல் மைதானத்துக்கு

சவுதியிலிருந்து கடல் பாலம் வழியாக பஹ்ரைன் போவது எப்படி என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நாங்கள் போனது 1997 ஏப்ரலில். விசா விதிகளும் விலைகளும் இப்போது மாறியிருக்கும், பாலமும் தூரமும் மாறியிருக்காது. ஆகவே எழுதுகிறேன்.

தம்மாமில் இருப்பவர்கள் பஹ்ரைன் போக வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் சினிமாவும் கடைத்தெருவும்தான். எங்களுடைய காரணம் கோல்ஃப். அதுவும் புல்லே இல்லாத மைதானத்தில் ஆடும் கோல்ஃப்.

என் கணவர் ராஜகோபாலுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. தம்மாமில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இன்ஜினியர். முந்தைய வருடம் மெட்ராஸில் பைபாஸ் ஆப்பரேஷன் ஆகியிருந்தது. திரும்பி வந்ததும் சைட் வேலையிலிருந்து எடுத்து ஆபீஸில் ஒரு மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் வெயிலில் ஹெல்மெட்டோடு கத்திக்கொண்டிருந்த மனிதர், வீட்டுக்கு வந்தால் பேச்சே இல்லாமல் ஆகிவிட்டார். தினமும் நடக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெறுமனே நடக்க இவருக்குப் பிடிக்கவில்லை. கம்பெனி குடியிருப்புக்குப் பின்னால் இருந்த மணல்வெளியில் வெள்ளைக்காரர்கள் சிலர் கோல்ஃப் ஆடுவார்கள். அவர்களோடு நடக்க ஆரம்பித்தவர், பழைய மட்டைகள் நான்கு வாங்கி ஆடவும் ஆரம்பித்துவிட்டார்.

ஆட்டத்தைவிட சாதனைகள்தான் இவரைப் பிடித்துக்கொண்டன. ஆண்கள் கோல்ஃபில் வருடத்துக்கு நான்கு பெரிய போட்டிகள். அவற்றில் ஜெயித்தவர்களில் மிகவும் இளையவனுக்குப் பதினேழு வயது, பத்தொன்பதாம் நூற்றாண்டில். ஒரே ஆள் மொத்தம் பதினெட்டு முறை ஜெயித்திருக்கிறார், கடைசி முறை நாற்பத்தாறு வயதில். எல்லோரிலும் மூத்து ஜெயித்தவருக்கு வயது நாற்பத்தெட்டும் நான்கு மாதமும் சில நாட்களும். (பின்னால் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் அதை முறியடித்துவிட்டார். நாங்கள் போன காலத்தில் அதுதான் எல்லை.) சாம்பார் ஊற்றும்போது இதையெல்லாம் சொல்வார். நானும் கேட்டுக்கொள்வேன். பேசுகிறாரே என்று இருக்கும்.

ஒருநாள் காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சுமதி, இந்த மாசம் மூணாவது வாரம் வந்தா நான் அந்த ஆளைவிடப் பெரியவன். அதுக்கப்புறம் என் வயசுல எவனும் ஜெயிச்சதே கிடையாது."

"நீங்க என்ன அமெரிக்கால போய் ஆடப்போறீங்களா?"

"இல்லை. பஹ்ரைன்ல."

தம்மாமில் நாங்கள் மளிகை வாங்கும் கடைக்காரர் காயல்பட்டினத்துக்காரர். அவருடைய தம்பி செய்யது மீரான் பஹ்ரைனில் குதைபியா பகுதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார வாடிக்கையாளர் தன் கோல்ஃப் பையை மீரானிடம் கொடுத்துவிட்டுப் போக, அவரும் பத்து வருடமாக ஆடிக்கொண்டிருந்தார். ஏப்ரல் இரண்டாவது வெள்ளிக்கிழமை அங்கே மணல் மைதானத்தில் நடக்கும் போட்டியில் உறுப்பினர்களோடு வெளியாட்களும் ஆடலாம், வெளியாட்களுக்குத் தனிப் பரிசு உண்டு என்று அவர்தான் போனில் சொன்னார். அதே வாரம் அமெரிக்காவில் நான்கு பெரிய போட்டிகளில் முதலாவது நடந்துகொண்டிருந்தது. இவருக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது.

வியாழக்கிழமை மாலை மூன்றரைக்குக் கிளம்பினோம். சவுதியில் வேலை செய்பவர் வெளியே போய்த் திரும்ப எக்ஸிட் ரீ-என்ட்ரி என்னும் அனுமதி வேண்டும், அதற்குக் கஃபீலின், அதாவது வேலைக்கு அழைத்த முதலாளியின், கடிதம் வேண்டும். இரண்டையும் ஆபீஸில் முந்தைய வாரமே வாங்கிவைத்திருந்தார். தம்மாமிலிருந்து கோபர் வழியாகப் பாலத்தின் முகப்புக்கு அரை மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. சுங்கம் இருபது ரியால். பாலம் இருபத்தைந்து கிலோமீட்டர், இருபுறமும் வெளிர் பச்சைக் கடல். நடுவில் செயற்கைத் தீவு. அதன் ஒரு பாதி சவுதி, மறு பாதி பஹ்ரைன். அங்கே சவுதி முத்திரை, பஹ்ரைன் முத்திரை, பிறகு சாமான் சோதனை. எங்களுக்கு மூன்று நாள் விசா கொடுத்தார்கள். வியாழன் மாலைக் கூட்டத்தில் எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம்.

சோதனை அதிகாரி இளைஞர். மட்டைகளைப் பார்த்துத் தலையாட்டினார். பையின் பக்க அறையிலிருந்து ஒரு முழ அகலத்துக்குச் சதுரமாக வெட்டிய பிளாஸ்டிக் புல்பாய்த் துண்டை எடுத்ததும்தான் சந்தேகம் வந்தது. மணல் மைதானத்தில் பந்தைத் தரையிலிருந்து அடித்தால் மட்டை கல்லில் பட்டு உடையும். அதனால் ஆளுக்கு ஒரு பாய்த்துண்டைத் தூக்கிக்கொண்டே நடந்து, பந்து விழுந்த இடத்தில் அதைப் போட்டு, அதன்மேல் பந்தை வைத்து அடிப்பார்கள். அதிகாரிக்கு இந்தி தெரிந்திருந்தது, இதை இவர் இந்தியில் விளக்கினார்.

அதிகாரி பாயை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கார் மிதியடின்னு நெனச்சேன். எந்தக் காருக்கு இவ்வளவு சின்னதுன்னு யோசிச்சேன்" என்று அதே இந்தியில் சொல்லிச் சிரித்து அனுப்பிவிட்டார்.

தீவைத் தாண்டியதும் வண்டியை ஓரம்கட்டச் சொன்னேன். சவுதியில் அப்போது பெண்கள் ஓட்ட முடியாது, பஹ்ரைனில் முடியும். ஆப்பரேஷன் சமயத்தில் திருச்சியிலும் மெட்ராஸிலும் நான்தான் ஓட்டினேன். திரும்பி வரும்போது சர்வதேச அனுமதியும் எடுத்து வந்திருந்தேன். கறுப்பு அங்கியான அபாயாவைக் கழற்றிப் பின் சீட்டில் போட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தேன். சாலையின் வலது பக்கம் ஓட்டுவது எனக்கு அதுதான் முதல் தடவை. இவர் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "வலது, வலது" என்று ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார்.

குதைபியா நம் ஊர்க் கடைத்தெரு மாதிரிதான் இருந்தது. தையல்கடை, மளிகை, பூவும்கூடக் கிடைத்தது. மீரானுக்கு நாற்பது வயதிருக்கும். கடைக்கு மேல்மாடியில் வீடு. பக்கத்துத் தெருவில் எங்களுக்கு ஒரு சின்ன ஹோட்டலில் அறை போட்டிருந்தார், நாள் வாடகை பன்னிரண்டு தினார். அவர் மனைவி கதீஜா நாங்கள் சைவம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு புதுச் சட்டியில் சமைத்திருந்தார். சாப்பிடும்போது இரண்டு ஆண்களும் கோல்ஃபைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

"அமெரிக்காவுல ஒரு புதுப் பையன் ஆடுறான்ணே. இருபத்தொரு வயசு. கோப்பை அவனுக்குத்தான்னு எல்லாரும் சொல்றாக" என்றார் மீரான்.

"இருபத்தொண்ணுல ஜெயிக்கறது என்ன பெரிய விஷயம்? உடம்பு சொன்னபடி கேட்கும்" என்றார் இவர்.

கதீஜா என் பக்கம் சாய்ந்து, "அண்ணன் உடம்பு முடியாம இருந்தாகளாமே? நடக்க விடலாமா?" என்று கேட்டார். டாக்டர் நடக்கத்தான் சொல்லியிருக்கிறார் என்றேன். எந்த வெயிலில், எத்தனை மணி நேரம் என்று டாக்டரிடம் நாங்கள் கேட்டிருக்கவில்லை.

மைதானம் தலைநகர் மனாமாவிலிருந்து தெற்கே இருபது கிலோமீட்டர், எண்ணெய்க் கிணறுகள் இருக்கும் பக்கம். வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு மீரான் வந்துவிட்டார், கையில் ரேடியோ செய்தியோடு. அந்த இருபத்தொரு வயதுப் பையன் முதல் நாள் முதல் ஒன்பது குழிகளுக்கு நாற்பது அடி எடுத்து எல்லோருக்கும் ஏமாற்றம் தந்திருக்கிறான் (கோல்ஃபில் அடி குறைந்தவர்தான் ஜெயிப்பார்). பிறகு அடுத்த ஒன்பதை முப்பதிலேயே முடித்துவிட்டான். இவருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. எங்கள் காரில் போகும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

மைதானம் என்றதும் படத்தில் பார்ப்பதை நினைக்காதீர்கள். பழுப்பு நிறக் கல்லும் மணலும், நடுநடுவே எண்ணெய்க் குழாய்கள். எதுவரை மைதானம் என்று தெரிய வர்ணம் அடித்த கம்பங்கள். குழி இருக்கும் இடத்தில் புல்லுக்குப் பதிலாக எண்ணெய் கலந்து இறுக்கிய மணல். அதைக் கறுப்புச் சமையல்மேடை மாதிரி வழவழவென்று வைத்திருந்தார்கள். ஆடி முடித்தவர்கள் அங்கே கிடக்கும் நீளத் துடைப்பத்தால் தங்கள் கால்தடத்தை இழுத்து மூடிவிட்டுப் போகவேண்டும். எனக்கு அந்த வழக்கம் பிடித்திருந்தது.

ஒவ்வொரு குழிக்கும் எடுக்கும் அடிகளைப் பொறுத்துப் புள்ளி: அடி குறைந்தால் புள்ளி கூடும், அதிகப் புள்ளி எடுத்தவருக்குப் பரிசு. இவரைப்போல் புதிதாக ஆடுபவர்களுக்குச் சலுகை அடிகள் உண்டு. பதினெட்டுக் குழியையும் ஆடி முடித்தால்தான் பரிசுக்குக் கணக்கில் எடுப்பார்கள். ஆறரைக்கு ஆரம்பித்தார்கள். இவரும் மீரானும் ஜோடி. நான் தண்ணீர், குளுக்கோஸ், மாத்திரை டப்பா எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

முதல் ஐந்து குழி மிக மோசம். பந்து ஒருமுறை எண்ணெய்க் குழாயில் பட்டு வந்த வழியே திரும்பி வந்தது. ஆறாவதிலிருந்து எப்படியோ சரியாயிற்று. மட்டை பந்தில் படும் சத்தமே மாறிவிட்டது. பத்தாவது, பதினொன்றாவது தாண்டியபோது மீரான் என் பக்கம் வந்து, "அக்கா, வெளியாளுங்கள்ல இப்ப அண்ணனுக்குப் பக்கத்துல ஒருத்தரும் இல்ல போலிருக்கு. அவுகட்ட சொல்லிடாதீங்க, பதட்டப்படுவாக" என்றார். சொல்லத் தேவையிருக்கவில்லை. சைட்டில் இருந்த காலத்து நடை வந்திருந்தது இவருக்கு. அதைப் பார்த்து எனக்கும் சந்தோஷம்தான்.

ஒன்பது மணிக்கே வெயில் முதுகில் அறைந்தது. பதினைந்தாவது குழியில் பந்தைப் போட்டுவிட்டு, துடைப்பத்தை எடுக்கக் குனிந்தவர் அப்படியே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வலது கை இடது தோளைப் பிடித்திருந்தது. முகத்தில் வியர்வை இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"வலிக்குதா?"

"சுளுக்கு. ஒரு நிமிஷம்."

நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைக் கொடுத்தேன். வாங்கி நாக்கடியில் வைத்துக்கொண்டார். இரண்டு நிமிடத்தில் எழுந்து பதினாறாவது குழியின் தொடக்க இடத்துக்கு நடந்து, பாயைப் போட்டு, அதன்மேல் பந்தை வைத்தார்.

"அண்ணே, ஹலாஸ். போதும். அடுத்த மாசம் வாங்க" என்றார் மீரான்.

"மூணே குழி மீரான்."

நான் போய் பந்தை மணலில் உருட்டிவிட்டு, பாயைச் சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். இவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

"பாய் இல்லாமலும் அடிக்கலாம்" என்றார்.

"அடிங்க. நான் போய் வண்டியை எடுக்கறேன். ஆஸ்பத்திரிக்கு வர்றதா இருந்தா வந்து ஏறிக்கோங்க."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். என் முதுகுக்குப் பின்னால் மட்டை பந்தில் படும் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டே நடந்தேன். கேட்கவில்லை. காரைத் திறக்கும்போது இவர் மீரானின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்துகொண்டிருந்தார்.

மீரான் பின்சீட்டில் இருந்து வழி சொல்ல, நான் ஓட்டினேன். ரவுண்டானாக்களில் எதிரே வரும் வண்டிகளைப் பார்க்கவேயில்லை. பார்த்திருந்தால் ஓட்டியிருக்க மாட்டேன். மனாமாவில் ஒரு தனியார் மருத்துவமனை. கோட்டயத்து நர்ஸ் ஒருவர் என் முகத்தைப் பார்த்ததும் கேள்வி எதுவும் கேட்காமல் சக்கர நாற்காலியை இழுத்து வந்தார். இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, மறுபடி இ.சி.ஜி. மீரான் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டுத் தயிர்சாதத்தோடு திரும்பி வந்தார். சனிக்கிழமை மாலை வரை படுக்கையில் வைத்திருந்தார்கள்.

கடைசியில் டாக்டர், எகிப்துக்காரர், காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: இதயத்தில் புதிதாக ஒன்றுமில்லை. தோள் தசைப்பிடிப்பு, உடம்பில் தண்ணீர் குறைவு. வந்தது சரி, ஆனால் பயப்பட ஒன்றுமில்லை, வண்டியும் ஓட்டலாம்.

எனக்கு உயிர் வந்தது. இவருக்கு அந்தப் பதில் நேர் எதிராக வேலை செய்தது.

"சுளுக்குன்னு சொன்னேன்ல? மூணே குழி. நான் நோயாளி இல்லைன்னு எனக்கே ஒரு தடவை காட்டிக்கணும்னுதான் வந்தேன். ஜெயிச்சுட்டு இருந்தேன் சுமதி. எனக்குத் தெரியும், நான் ஜெயிச்சுட்டு இருந்தேன்."

ஆப்பரேஷனுக்குப் பிறகு இவ்வளவு நீளமாக அவர் தன்னைப் பற்றிப் பேசியது அன்றைக்குத்தான். நான் சமாதானம் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு இரவு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கும் வாய் இருந்தது.

"அந்த நாற்பத்தெட்டு வயசுக்காரரும் கல்யாணமானவராத்தான் இருந்திருப்பார். அவர் ஆடும்போது அந்தம்மா எத்தனை தூரம் நடந்தாங்க, என்ன பயந்தாங்கன்னு எந்தச் சாதனைப் பட்டியல்லயாவது போட்டிருக்கா? நீங்க நோயாளி இல்லைன்னு உங்களுக்குத் தெரியணும். நீங்க உயிரோட இருக்கீங்கன்னு எனக்குத் தெரியணும். ரெண்டுல எது முதல்ல?"

இவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். படுத்தபடியே, "தண்ணி குடு" என்றார். கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலையோடு விசா முடிகிறது. அமெரிக்காவில் கடைசி நாள் ஆட்டம் தொடங்குவதே பஹ்ரைன் நேரத்துக்கு இரவில்தான். மீரான் வீட்டில் டிஷ் ஆன்டெனா இருந்தது, எங்கள் வீட்டில் இல்லை. இவர் அதைப் பற்றி வாய் திறக்காமல் பையைக் கட்டினார். கதீஜா வழிக்கு இடியாப்பம் கட்டிக்கொடுத்தார். பஹ்ரைன் பக்கத்துப் பாலத்தை நான் ஓட்டினேன். தீவில் அபாயாவைப் போட்டுக்கொண்டு இடம் மாறினோம். சவுதிப் பக்கம் இவர் அறுபதைத் தாண்டாமல் ஓட்டினார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், அடிக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். வியாழன் மாலை பாலத்தில் கூட்டம் தாங்காது, முடிந்தால் மதியமே கிளம்புங்கள். சுங்கத்துக்குச் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். மணல் மைதானத்தில் ஆட நவம்பர் முதல் மார்ச் வரை சரி, ஏப்ரல் எங்கள் மாதிரி அவசரக்காரர்களுக்கு. ஒரு ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். நாங்கள் இரண்டு பேருக்குச் சேர்த்து இரண்டு லிட்டர்தான் கொண்டுபோனோம், அது தப்பு. குதைபியாவில் தமிழ் மட்டும் பேசியே மூன்று நாள் ஓட்டிவிடலாம். மருந்துச் சீட்டை ஆங்கிலத்தில் எழுதி வாங்கி, மாத்திரையோடு சேர்த்து வையுங்கள். இதய ஆப்பரேஷன் ஆனவர்கள் எதுவரை, எந்த வெயிலில் என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வலி வந்தால் சுளுக்கா இல்லையா என்று மைதானத்தில் நின்று முடிவு செய்ய வேண்டாம். அதற்கு மிஷின் இருக்கிறது.

திங்கட்கிழமை காலை இவர் ஆபீஸ் போனபிறகு மீரானிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, அந்தப் பையன் ஜெயிச்சுட்டான். பன்னெண்டு அடி வித்தியாசம்! அந்தப் போட்டியில இதுவரைக்கும் எவனும் இவ்வளவு வித்தியாசத்துல ஜெயிச்சதில்ல. மொத்த அடியும் இதுவரைக்கும் உள்ளதுல கொறச்சல். வயசும் கொறச்சல். எல்லாத்தையும் ஒடச்சுட்டான். அண்ணன்ட்ட சொல்லிடுங்க."

சொல்லிவிட்டு வைக்கப்போனார். நான்தான் நிறுத்திக் கேட்டேன், வெள்ளிக்கிழமை வெளியாட்கள் பரிசு யாருக்கு, எத்தனை புள்ளி என்று.

"ரிஃபாவுல வேலை பார்க்குற ஒரு பிலிப்பைன்ஸ்காரருக்கு. முப்பது புள்ளி."

"பதினைஞ்சு குழியில இவருக்கு எத்தனை?"

"முப்பத்தொண்ணு, அக்கா."

மதியம் இவர் சாப்பிட வந்தார். அமெரிக்கச் செய்தியைச் சொன்னேன். கையில் எடுத்த கவளத்தை வைத்துவிட்டு, "பன்னெண்டா?" என்று மூன்று தடவை கேட்டார். முகம் விரிந்துவிட்டது. யாரோ ஒரு பையன், உலகத்தின் அந்தக் கோடியில் ஜெயித்ததற்கு இந்த மனிதர் இவ்வளவு சந்தோஷப்படுகிறாரே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்றதைச் சொல்வதா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்திருந்தேன். ரசம் ஊற்றும்போது சொல்லிவிட்டேன். பரிசு வாங்கியவருக்குப் பதினெட்டுக் குழியில் முப்பது, உங்களுக்குப் பதினைந்திலேயே முப்பத்தொன்று என்று.

சோற்றில் விரலால் குழி பண்ணினார். நான் ரசப் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

"அப்ப பதினைஞ்சு குழியிலயே ஜெயிச்சாச்சு" என்றார். "அப்புறம் எதுக்கு அந்த வெயில்ல இன்னும் மூணு குழி நடக்கணும்? ரசத்தை ஊத்து."